புது ஜீப்புக்கு எத்தனை அங்குலச் சில்லு?

வீட்டுக்குப் புது வாகனம் எடுக்கும் பேச்சு வந்தால் நம்மிடம் கேட்கப்படுவது அநேகமாக ஒரே ஒரு கேள்விதான். "என்ன கலர் எடுப்போம்?" வெள்ளை என்றோ சாம்பல் என்றோ சொல்லிவிட்டு நாம் குசினிக்குப் போய்விடுவோம். மற்றதெல்லாம் வாப்பாவும் மகனும் மச்சான்மாருமாகப் பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சில் "பெரிய ரிம்" என்ற சொல் எப்படியும் வந்து விழும். மகன் காட்டும் படத்தில் பத்தொன்பது அங்குல ரிம் பளபளக்கும். கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் பார்வைக்கு எடுப்பு என்பான்.

சகோதரிகளே, அடுத்த முறை அந்த இடத்தில் சற்று உட்காருங்கள். கலரை விட முக்கியமான விஷயம் அங்கேதான் பேசப்படுகிறது. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கும், பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறி வருகிற குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக ஆண்கள் நின்றார்கள். அந்த வருடம் ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்த பிறகுதான் ஓரளவு மூச்சு வந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. திறந்ததும் நம்மவர்கள் பலரும் மின்சார வாகனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. கம்பெனிக்காரர்கள் எஸ்.யூ.வி. என்று சொல்வதை நம் ஊரில் ஜீப் என்போம். 2014, 2015 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் போன்ற மின்சாரக் கார்கள் சின்னச் சில்லோடு அடக்கமாக இருந்தன. இப்போது வருபவை உயரமானவை, பாரமானவை. சில்லும் பெரிதாகிவிட்டது.

முதலில் வெளியே போய் உங்கள் வீட்டு வாகனத்தின் டயரை ஒருமுறை பாருங்கள். பக்கவாட்டில் 215/60 ஆர் 17 என்பது போல ஓர் எண் வரிசை அச்சிட்டிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 17 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவே நிற்கும் ஆர் என்ற எழுத்து டயர் கட்டப்பட்ட முறையைக் குறிக்கிறது, அது நமக்குத் தேவையில்லை. இதைக் கணக்குப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். 215இல் 60 வீதம் 129 மில்லிமீற்றர். அதாவது ரிம்முக்கும் பாதைக்கும் இடையில் 129 மில்லிமீற்றர் உயரத்துக்கு ரப்பரும் காற்றும் மெத்தை போல இருக்கிறது.

இப்போது பெரிய ரிம்முக்குப் போவோம். 215/55 ஆர் 18 என்ற டயரில் மெத்தை 118 மில்லிமீற்றர். 235/45 ஆர் 19 என்றால் ஏறத்தாழ 106. மூன்று டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மொத்த உயரம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 690 மில்லிமீற்றருக்கும் 694க்கும் இடையில். ரிம் பெருத்த அளவுக்கு மெத்தை மெலிந்துவிட்டது. பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெருவிரல் அகலம். மேசையில் வைத்துப் பார்த்தால் அற்பம்தான். பாதையில் அப்படியல்ல.

தோட்டப் பாதையில் என்ன நடக்கிறது

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா வரும் பிரதான வீதியில் பெரும்பகுதி நல்ல கார்ப்பட் வீதி. அதில் எந்த டயரும் ஓடும். தொல்லை அந்த வீதியை விட்டு இறங்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. மஸ்கெலியாப் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ தோட்டத்துக்குள் ஒரு கலியாண வீட்டுக்கோ மையத்து வீட்டுக்கோ போய்வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழுந்து லொறி ஓடி ஓடிக் குழியான பாதை, மழைத் தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத கிடங்கு, தாரின் ஓரம் கத்தி போல உடைந்து நிற்கும் இடம், அதற்கு அப்பால் கல் கட்டிய கான். எதிரே பஸ் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது இடது சில்லின் பக்கச்சுவர் அந்தக் கல்லில் உரசும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிவால் எத்தனை பாதைகள் உடைந்தன என்பதையும் நாம் கண்டோம்.

மெத்தை தடிப்பாக இருந்தால் கிடங்கில் விழும் அடியை டயர் வாங்கிக்கொள்ளும். மெலிந்த டயரில் அந்த அடி ரிம்முக்குப் போகும். அலுமினிய ரிம் வளையும், சில வேளை வெடிப்பு விடும். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, டயரின் பக்கத்தில் ஒரு கொப்புளம் எழும்பும். அப்படி வீங்கிய டயரை ஒட்ட முடியாது, வீசத்தான் வேண்டும். பக்கச்சுவரில் வெட்டு விழுந்தாலும் அதே கதை. அந்த வீக்கத்தோடு "இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். றம்பொடை வளைவில் இறங்கும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மின்சார வாகனத்தில் இந்த அடி இன்னும் பலமாக விழும். காரணம் பாரம். தரைக்கு அடியில் பெட்டரி முழுவதும் பரப்பி வைக்கப்பட்டிருப்பதால் நடுத்தர அளவு ஜீப் ஒன்றே வெறுமனே ஒன்றே முக்கால் தொன் நிறுக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் இரண்டு தொன்னைத் தாண்டும்.

பெட்டரிக் கணக்கு

இரண்டு தொன் பாரத்தைக் கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக்குத் தூக்கவே சுமார் 10 யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஹட்டன் வரைக்கும் என்றால் சுமார் 7 யூனிட். இது ஏற்றத்துக்கு மட்டும், ஓட்டத்துக்கு ஆகும் செலவு வேறு. இலங்கையில் விற்பனையாகும் பி.வை.டி. அட்டோ 3 வாகனத்தின் பெட்டரி, வகையைப் பொறுத்து ஏறத்தாழ 50 யூனிட் அல்லது 60 யூனிட் பிடிக்கும். ஆக, ஏற்றம் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கையோ ஆறில் ஒரு பங்கையோ தின்றுவிடுகிறது. இறங்கும்போது வண்டி தானாக மின்சாரம் உண்டாக்கி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது இந்த வாகனங்களின் பரக்கத்.

இந்தக் கணக்கில் சில்லுக்கும் பங்கு உண்டு. ஹியுண்டாய் கம்பெனியின் அயோனிக் 6 என்ற மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜீப் அல்ல, கார்தான். ஆனால் உதாரணம் தெளிவானது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கொடுத்த அளவுப்படி, பின்சில்லு இழுக்கும் பெரிய பெட்டரி வகை 18 அங்குலச் சில்லோடு 361 மைல் ஓடும், 20 அங்குலச் சில்லோடு 305 மைல். பெட்டரி ஒன்று, மோட்டார் ஒன்று. பிரதான வித்தியாசம் சில்லுதான். நம் கணக்கில் 581 கிலோமீற்றர் 491 ஆகக் குறைகிறது. அகலமான டயர் காற்றையும் கூடக் கிழிக்க வேண்டும், பாதையிலும் கூட உராய வேண்டும். பெரிய ரிம் பாரமும் கூட.

நியாயமாகச் சொன்னால், அமெரிக்கப் பெருந்தெருவின் வேகத்தில் நம் மலையில் யாரும் ஓட்டப்போவதில்லை. ஆகவே வித்தியாசம் அந்த அளவுக்கு வராது. ஆனால் கினிகத்தேனையைத் தாண்டும்போது பெட்டரி இருபது வீதத்துக்கு இறங்கி, மழையும் இருட்டுமாகப் பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டு வரும் நேரத்தில், பத்துக் கிலோமீற்றர் கூடுதலாக இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

மழைதான் முதல்

இவ்வளவு சொன்னதால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டயரைத் தேடி ஓடிவிட வேண்டாம். ஐரோப்பாவுக்குப் போகும் டயர்களில் ஒரு லேபல் ஒட்டுவார்கள். அதில் ஏ முதல் ஈ வரை இரண்டு தரம் இருக்கும், ஒன்று உருளும் சிக்கனத்துக்கு, மற்றது ஈரப் பாதையில் பிரேக் பிடிக்கும் தன்மைக்கு. நீங்கள் வாங்கும் டயரில் லேபல் இருந்தால் இரண்டாவதை முதலில் பாருங்கள். சிக்கனத்தில் நடுத்தரமானதற்கும் கடைசித் தரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தொன் வண்டிக்கு 100 கிலோமீற்றருக்கு ஒன்றரை யூனிட் அளவுதான். அந்த ஒன்றரை யூனிட்டுக்காக மழையில் பிரேக்கை விட்டுக்கொடுப்பது நம் நாட்டில், அதுவும் வட்டவளைப் பக்கத்தில், புத்தியல்ல. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம் அது. நாட்டிலேயே மிகக் கூட மழை பெறும் இடங்களில் ஒன்று.

அகலமான டயர் பாதையை நன்றாகப் பிடிக்கும் என்று மகன் சொல்வான். காய்ந்த பாதையில் உண்மைதான். தண்ணீர் தேங்கிய பாதையில் அகல டயர் நீரைக் கிழித்து இறங்குவதற்குப் பதிலாக மேலே மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் அந்த விஷயத்தில் தேவலாம். எதுவானாலும் டயரின் வரி தேய்ந்துவிட்டால் பயன் இல்லை. வரிகளுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். வரி அந்த மேட்டின் மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. மலையில் ஓடுகிறவர்கள் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது நல்லது. மின்சார வாகனத்தில் பாரமும் கூட, கால் வைத்ததும் பாயும் இழுவையும் கூட. அதனால் டயர் பெற்றோல் வண்டியை விடச் சீக்கிரம் தேயும். முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட மறக்கக்கூடாது.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லை இறக்கத்தில் பஸ் ஒன்று வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்ததை மலைநாடு மறக்கவில்லை. அது டயரால் வந்ததென்று நான் சொல்லவில்லை. பாரமான வாகனத்துக்கு மலை இறக்கம் எத்தகைய சோதனை என்பதற்காகவே சொல்கிறேன். மின்சார ஜீப்பில் மோட்டாரே பிரேக் போல இழுத்துப் பிடிக்கும், அது பெரிய உதவி. ஆனால் நுவரெலியாவில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு நூறு வீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால் அந்த மின்சாரத்தை வைக்கப் பெட்டரியில் இடம் இராது. மோட்டார் பிடிப்பது குறைந்து, எல்லாப் பாரமும் கால் பிரேக்கில் விழும். மேலே தங்குகிறவர்கள் எண்பது, எண்பத்தைந்து வீதத்தில் வயரைக் கழற்றிவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று சில்லு அளவுகளைக் கம்பெனி அனுமதித்திருக்கும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது இருக்கும், அல்லது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஆகச் சிறிய ரிம்மைக் கேளுங்கள் என்பதே என் அபிப்பிராயம். பட்டியலில் இல்லாத சிறிய அளவை வெளியில் வாங்கிப் போட முயல வேண்டாம். பிரேக்கின் பாகங்கள் பெரிதாக இருப்பதால் ரிம் உள்ளே இடிக்கலாம்.

அடுத்தது, அந்த அளவு டயர் ஹட்டன் பட்டணத்தில் கிடைக்குமா? வண்டி எடுக்கும் முன்பே இரண்டு டயர் கடைகளில் விசாரியுங்கள். பிரீமியோ காரின் 195/65 ஆர் 15 எந்தக் கடையிலும் இருக்கும். 215/60 ஆர் 17 டொயோட்டா சீ.எச்.ஆர். வண்டியிலும் வரும் அளவு என்பதால் தேடினால் அகப்படும். பத்தொன்பது அங்குலம் என்றால் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டி வரலாம். விலையையும் அப்போதே கேட்டு, நான்கால் பெருக்கிப் பாருங்கள். அழகுக்காகக் கொடுக்கும் அந்தக் கூடுதல் காசு ஒருமுறை மட்டும் போவதல்ல, ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் போகும். இஸ்ராஃப் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு இதுவும் வெகு தூரத்தில் இல்லை.

அளவு ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றல்ல. அளவுக்குப் பிறகு 96 எச், 100 வி என்பது போல இன்னோர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் பாரத்தைக் குறிப்பது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. மின்சார ஜீப்புக்குக் கம்பெனி கூடுதல் எண் கேட்டிருந்தால், அதே அளவுதானே என்று பெற்றோல் காருக்குரிய குறைந்த எண் டயரைப் போடக்கூடாது. எக்ஸ்.எல். என்று அச்சிட்டிருந்தால் அது கூடுதல் பாரத்துக்குச் செய்தது.

பெரிய கேள்வியை மறந்துவிடாதீர்கள்: ஸ்பெயார் வீல் இருக்கிறதா? பல மின்சார வாகனங்களில் இல்லை. பெட்டரிக்கு இடம் விட்டதால் ஒரு போத்தல் பசையும் சின்னக் காற்றடிக்கும் மெஷினும் மட்டும் கொடுத்துவிடுவார்கள். ஆணி ஏறிய சிறு துவாரத்தை அந்தப் பசை அடைக்கும். கான் கல்லில் கிழிந்த பக்கச்சுவருக்கு அது ஒன்றும் செய்யாது. இரவு பத்து மணிக்குத் தோட்டப் பாதையில், போனுக்குச் சிக்னலும் இல்லாத இடத்தில், அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். விலை பேசும்போதே அதே அளவு ரிம்மும் டயரும் ஒன்று, ஜாக்கி ஒன்று, பேரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பின்பெட்டியில் இடம் குறையும்தான். குறையட்டும்.

பாவித்த வாகனத்தை ஜப்பானிலிருந்து எடுப்பவர்கள் டயரின் பக்கத்தில் மலையும் அதற்குள் பனித்துளிப் பூவும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் பனிக்காலத்துக்குச் செய்த மெதுவான ரப்பர். மலை என்பதால் உங்களுக்குப் பொருத்தம் என்று விற்பவர் சொல்லக்கூடும். நுவரெலியாவில் ஜனவரியில் விழும் உறைபனி ஜப்பானின் பனியல்ல. நம் பாதையில் அது வேகமாகத் தேயும், மழையில் சரியாகப் பிடிக்காது. டயர் செய்த காலத்தையும் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2425 என்றால் 2025ஆம் ஆண்டின் 24ஆவது வாரம்.

காற்று

காற்று எவ்வளவு என்பது அதே கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கத்தில் போட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

கொழும்பில் அடித்த காற்று மலைக்குச் சரிவருமா என்று பலர் கேட்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குளிரில் காற்று சுருங்கும். முப்பது பாகை வெப்பத்தில் 36 பி.எஸ்.ஐ. அடித்தால், பதினைந்து பாகைக் குளிரில் இரண்டரை குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் ஏறத்தாழ மூன்று கூடக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே கொழும்புக்காரர் நுவரெலியாவுக்கு வந்து காற்றை இறக்கவும் தேவையில்லை, ஏற்றவும் தேவையில்லை. ஏழு பேரும் அரிசி மூட்டையும் ஏறும் பயணமென்றால் மட்டும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, பிள்ளைகள் பயண துஆவைப் பாடமாக்கும் அதே ஆர்வத்தோடு, நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். முற்றத்தில் நிறுத்தி, ஸ்பெயார் வீலையும் ஜாக்கியையும் வெளியே எடுத்து, ஒரு சில்லைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் வண்டியின் ஓரத்தில் நான்கு மூலைக்கும் அடையாளமிட்டிருக்கும். அந்த அடையாளத்தை விட்டு உள்ளே தள்ளி வைத்தால் ஜாக்கி பெட்டரியின் அடித்தட்டில் முட்டும், அங்கே வைக்கவே கூடாது. பங்ச்சர் ஒட்டும் தம்பியிடம் கொடுக்கும்போதும் பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள். சில்லு மாற்றிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.